மூட்டு தேய்ந்துவிட்டது என்று சொல்லும்போது உள்ளே நடப்பது என்ன?

எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு "முட்டி தேய்ஞ்சுபோச்சு" என்று மருத்துவர் சொல்கிறார். அந்த நொடியிலேயே நோயாளியின் மனதில் ஒரு காட்சி பதிந்துவிடுகிறது. செருப்பின் அடிப்பாகம் தேய்வது போல, டயர் தேய்வது போல, தன் மூட்டும் தேய்ந்துகொண்டிருக்கிறது. நடக்க நடக்க மிச்சமிருப்பதும் போய்விடும். அன்றிலிருந்து நடை குறைகிறது. மாடிப் பக்கம் போவதில்லை. உட்கார்ந்த இடத்துக்கே எல்லாம் வந்துசேரும்படி வீட்டில் இருப்பவர்களும் அன்போடு பார்த்துக்கொள்கிறார்கள். சில மாதங்களில் தொடைத் தசை மெலிகிறது, எடை கூடுகிறது, வலியும் கூடுகிறது. தேய்மானம் முற்றிவிட்டது என்று எல்லோரும் நம்புகிறார்கள்.

ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ் என்ற நோய்க்கு நாம் வைத்திருக்கும் "தேய்மானம்" என்ற பெயர், நோயாளிகளுக்குப் பெரிய கெடுதல் செய்கிறது என்பது என் உறுதியான எண்ணம். அது பாதி உண்மையைச் சொல்லி, சிகிச்சைக்கு நேர் எதிரான திசையில் ஆளை அனுப்பிவிடுகிறது. இன்னொரு குழப்பமும் இதே சொல்லால் வருவதுதான். "எலும்புத் தேய்மானம்" என்று இரண்டு வேறு நோய்களை ஒரே பெயரில் அழைக்கிறோம். ஒன்று, எலும்பின் அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் ஆஸ்டியோபோரோசிஸ். அதில் எலும்பு முறியும்வரை பெரும்பாலும் வலியே இருக்காது. மற்றொன்று, இங்கே பேசப்போகும் மூட்டு நோய். முட்டி வலிக்குக் கால்சியம் மாத்திரை வாங்கி வருடக்கணக்கில் விழுங்குபவர்கள் பலர் இந்தப் பெயர்க் குழப்பத்தில் சிக்கியவர்கள். கால்சியம் மூட்டின் குருத்தெலும்பை வளர்க்காது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-இல் உலகம் முழுவதும் சுமார் 52.8 கோடிப் பேருக்கு இந்நோய் இருந்தது. 1990-ஐ விட அது 113 சதவீதம் அதிகம். பாதிக்கப்பட்டவர்களில் 60 சதவீதம் பேர் பெண்கள். மிக அதிகமாக அடிபடும் மூட்டு முழங்கால். அடுத்து இடுப்பும் கைவிரல்களும். மனிதர்கள் நெடுநாள் வாழ்வதும் எடை கூடியிருப்பதும் இந்தப் பெருக்கத்துக்கான முக்கியக் காரணங்கள்.

எலும்பும் எலும்பும் சந்திக்கும் இடத்தில் இரண்டின் முனைகளிலும் வழுவழுப்பான, பளபளக்கும் வெண்ணிறப் பூச்சு ஒன்று உண்டு. அதுதான் குருத்தெலும்பு. முழங்காலில் அதன் தடிமன் சில மில்லிமீட்டர்தான். பேச்சுவழக்கில் இதையும் "ஜவ்வு" என்கிறோம், முழங்காலுக்குள் பிறைவடிவில் இருக்கும் மெனிஸ்கஸையும் "ஜவ்வு" என்கிறோம், எலும்புகளைப் பிணைக்கும் தசைநாரையும் "ஜவ்வு" என்கிறோம். மூன்றும் வெவ்வேறு பொருட்கள். மூன்றுக்கும் வெவ்வேறு வேலை.

குருத்தெலும்பின் எடையில் முக்கால் பங்கு அளவுக்குத் தண்ணீர். அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பவை அக்ரிகன் என்ற பெரிய மூலக்கூறுகள். அவை தண்ணீரை உறிஞ்சி உப்பத் துடிக்கும். கொலாஜன் இழைகள் வலைபோலப் பின்னி அந்த உப்பலை அடக்கி வைக்கும். ஒன்று விரியப் பார்க்க, மற்றொன்று இறுக்கிப் பிடிக்க, இந்த இழுபறியில் பிறக்கும் விறைப்புதான் நம் எடையைத் தாங்குகிறது. இதற்குள் ரத்தக்குழாய் கிடையாது. நரம்பும் கிடையாது. ஆங்காங்கே தனித்தனியாகப் புதைந்து கிடக்கும் காண்ட்ரோசைட் என்ற செல்கள் மட்டுமே இந்த முழு அமைப்பையும் பராமரிக்கின்றன.

ரத்தம் வராத இடத்துக்கு உணவு எப்படி வரும்? மூட்டுக்குள் ஊறும் மூட்டுநீரிலிருந்துதான். காலை ஊன்றும்போது குருத்தெலும்பு அழுந்தி நீர் கசிகிறது. காலை எடுக்கும்போது மறுபடி உறிஞ்சுகிறது. நடையின் ஒவ்வொரு அடியும் ஊட்டம் உள்ளே போகவும் கழிவு வெளியே வரவும் உதவுகிறது. முதுகுத்தண்டில் அடிபட்டு நடக்க முடியாமல் போனவர்களின் முழங்கால்களை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகளில், பாரமே ஏறாத அந்த மூட்டுகளில் குருத்தெலும்பு மெலிந்திருந்தது. டயர் ஓடாமல் நின்றால் தேயாது. குருத்தெலும்போ அசைவில்லாமல் கிடந்தால்தான் மெலிகிறது. டயர் உவமை பிழை என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் கோளாறு எங்கே தொடங்குகிறது? ஒரே இடத்தில் என்று சொல்ல முடியாது. விளையாட்டில் முழங்காலின் தசைநார் அறுந்திருக்கலாம், மெனிஸ்கஸ் கிழிந்திருக்கலாம், கால் பிறவியிலேயே வளைந்திருக்கலாம், எடை பல ஆண்டுகளாக மிகையாக இருந்திருக்கலாம், வயதால் செல்களே தளர்ந்திருக்கலாம். எப்படித் தொடங்கினாலும் அடுத்து நடப்பது ஏறக்குறைய ஒரே கதை. வழக்கமாக அமைதியாகக் கிடக்கும் காண்ட்ரோசைட்டுகள் காயத்தை உணர்ந்து விழித்துக்கொள்கின்றன. பழுதுபார்க்கும் முயற்சியாகப் புதிய பொருட்களைச் சுரக்கின்றன. கூடவே பழையதை அரித்தெடுக்கும் நொதிகளையும் சுரக்கின்றன. முதலில் அக்ரிகன் உடைகிறது. பிறகு கொலாஜன் வலை அறுகிறது. அக்ரிகனைச் செல்களால் ஓரளவு திரும்ப உண்டாக்க முடியும். கொலாஜன் அப்படியல்ல. இளமையில் ஒருமுறை நெய்யப்பட்ட அந்த வலைதான் ஆயுள் முழுவதற்கும். வளர்ந்தபின் அது புதுப்பிக்கப்படுவதே அரிது. வில்லியம் ஹண்டர் என்ற உடற்கூறியலாளர் 1743-ஆம் ஆண்டிலேயே லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கட்டுரையில், அழிந்த குருத்தெலும்பு மீள்வதில்லை என்று குறிப்பிட்டிருக்கிறார். மருத்துவம் அதை இன்றும் முழுதாக வென்றுவிடவில்லை.

உடைந்த துணுக்குகள் மூட்டுநீரில் மிதக்கின்றன. மூட்டின் உள்சுவரை மூடியிருக்கும் மெல்லிய உறை அவற்றைக் கண்டு அழற்சி கொள்கிறது. வீங்குகிறது, நீர் கோர்க்கிறது. அதிலிருந்து வரும் வேதிப்பொருட்கள் குருத்தெலும்பை மேலும் அரிக்கத் தூண்டுகின்றன. கீழே இருக்கும் எலும்பும் சும்மா இருப்பதில்லை. அது தடித்து இறுகுகிறது. ஓரங்களில் முள்போலப் புது எலும்பு துருத்திக்கொண்டு வளர்கிறது. எக்ஸ்ரேயில் "முள் வளர்ந்திருக்கு" என்று காட்டுவார்களே, அது இதுதான். தேய்வது மட்டுமே நோயென்றால் புதிதாக எலும்பு ஏன் வளர வேண்டும்? மூட்டு தன்னைத்தானே சரிசெய்துகொள்ள முயன்று, அந்த முயற்சி தடம் மாறிப்போவதே இந்நோய். குருத்தெலும்பு, எலும்பு, உறை, தசைநார், மெனிஸ்கஸ், சுற்றியுள்ள தசை எல்லாமே இதில் சேர்ந்தவை. ஆராய்ச்சியாளர்கள் இதை முழு மூட்டின் நோய் என்று அழைப்பதும் அதனால்தான்.

வலி எங்கிருந்து வருகிறது என்பது இன்னும் சுவையான கேள்வி. குருத்தெலும்பில் நரம்பு இல்லை; அது எவ்வளவு மெலிந்தாலும் அதற்கே வலிக்காது. வலிப்பது அதன் கீழுள்ள எலும்பும், வீங்கிய உறையும், இழுபடும் தசைகளும்தான். வலி பல மாதங்கள் நீடித்தால் தண்டுவடமும் மூளையும்கூட வலிக்குப் பழகி, சிறு தூண்டலையும் பெரிதாக உணரத் தொடங்குகின்றன. தூக்கமின்மை, மனச்சோர்வு, பயம் ஆகியவை அந்த உணர்வை இன்னும் கூர்மையாக்குகின்றன. படத்தில் மூட்டு மோசமாகத் தெரிந்தும் வலியே இல்லாமல் நடமாடுபவர்களும், படம் கிட்டத்தட்டச் சுத்தமாக இருந்தும் வலியால் துடிப்பவர்களும் இருப்பது இதனால்தான். கெல்கிரன், லாரன்ஸ் என்ற இருவர் 1957-இல் வகுத்த 0 முதல் 4 வரையிலான தரவரிசையை மருத்துவர்கள் இன்றும் எக்ஸ்ரே படிக்கப் பயன்படுத்துகிறார்கள். "கிரேடு 3" என்று காகிதத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து மனம் உடைந்துவிட வேண்டாம். அந்த எண் எலும்பின் தோற்றத்தைத்தான் சொல்கிறது. ஒருவரால் எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்பது அதில் எழுதியிருக்காது.

மெனிஸ்கஸுக்கும் இதே கதைதான். 50 வயதைத் தாண்டியவர்களின் முழங்கால்களை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்த ஒரு பெரிய ஆய்வு 2008-இல் வெளியானது. கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய மாதத்தில் முழங்கால் வலியோ விறைப்போ இருக்கவில்லை. ஸ்கேனில் "ஜவ்வு கிழிஞ்சிருக்கு" என்று வந்தவுடன் வலிக்குக் காரணம் அதுதான் என்று முடிவுகட்டிவிட முடியாது.

உண்மையில் இந்நோயைக் கண்டறிய பெரும்பாலும் ஸ்கேன் எதுவும் தேவைப்படுவதில்லை. வயது 45-ஐத் தாண்டியிருந்து, அசையும்போது மூட்டு வலித்து, காலையில் எழும்போது விறைப்பு இல்லாமலோ அரை மணி நேரத்துக்குள் விலகிவிடுவதாகவோ இருந்தால், வேறு சந்தேகத்துக்கு இடமில்லாதவரை நோயை உறுதிசெய்யலாம் என்கிறது பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டி. காலை விறைப்பு ஒரு மணி நேரம் நீடித்தாலோ, கைவிரல் கணுக்கள் வீங்கிச் சூடாக இருந்தாலோ கதை வேறு. அது முடக்குவாதமாக இருக்கலாம். அங்கே உடலின் நோயெதிர்ப்பு அமைப்பே மூட்டைத் தாக்குகிறது. அதற்கு மருந்து உண்டு, அதைத் தாமதிக்காமல் தொடங்கவும் வேண்டும். திடீரென்று ஒரே மூட்டு சிவந்து வீங்கிக் காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

யாருக்கு வருகிறது என்பதில் எடைக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்கு இரண்டு வழிகள். ஒன்று வெறும் பாரம்: உடல் எடை ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மீது விழும் பாரம் சுமார் 4 கிலோ குறைகிறது என்று 2005-இல் வெளியான ஆய்வு அளந்து காட்டியது. ஒரு நாளின் ஆயிரக்கணக்கான அடிகளைக் கூட்டிப் பாருங்கள். இரண்டாவது வழி கொழுப்பின் வேதியியல். பருமன் உள்ளவர்களுக்குக் கைவிரல் மூட்டுகளிலும் இந்நோய் கூடுதலாக வருகிறது. விரல்களால் யாரும் நடப்பதில்லை. கொழுப்புத் திசு சுரக்கும் அழற்சிப் பொருட்கள் ரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் மூட்டுகளைத் தொடுவது ஒரு காரணம். பரம்பரையும் உண்டு, முக்கியமாகக் கைவிரலிலும் இடுப்பிலும். முழங்காலின் முன்தசைநார் அறுந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பத்திருபது ஆண்டுகளில் அதே முழங்காலில் இந்நோய் வந்துவிடுகிறது. 20 வயதில் அடிபட்டவர் 40 வயதுக்குள் நோயாளியாகலாம் என்பதால், இதை முதுமையின் நோய் என்று மட்டும் ஒதுக்கிவிடவும் முடியாது. உடல்நலத்துக்காக அளவாக ஓடுபவர்களுக்கு மட்டும், பலரும் பயப்படுவது போல, கூடுதலாக வருவதாகத் தெரியவில்லை.

சிகிச்சைக்கு வருவோம். குருத்தெலும்பை மீட்டெடுக்கும் அல்லது நோயின் போக்கை நிறுத்தும் மருந்து என்று இதுவரை எதுவும் நிரூபணமாகவில்லை. இதைக் கேட்டவுடன் "அப்போ ஒண்ணும் செய்ய முடியாதா?" என்ற கேள்வி வரும். நிறையச் செய்ய முடியும். வலி குறையும், நடை கூடும், பலருக்கு அறுவை சிகிச்சையே தேவைப்படாமல் போகும். முதலில் செய்ய வேண்டியது, உலகெங்கும் எல்லா வழிகாட்டிகளும் ஒரே குரலில் சொல்லும் உடற்பயிற்சி.

முழங்காலைப் பொறுத்தவரை தொடையின் முன்தசை அதன் காவலாளி. அது வலுவாக இருந்தால் அடி விழும்போதெல்லாம் அதிர்ச்சியின் ஒரு பங்கைத் தான் வாங்கிக்கொள்ளும். மெலிந்தால் முழுப் பாரமும் மூட்டில் இறங்கும். இடுப்புத் தசைகளும் அப்படியே. நாற்காலியில் கையை ஊன்றாமல் மெதுவாக எழுந்து உட்காருவது, படுத்தபடி காலை நீட்டித் தூக்குவது, ஒரு படியில் ஏறி இறங்குவது, இவற்றோடு தினம் நடை. தொடக்கம் இவ்வளவுதான். டென்மார்க்கில் 2013-இல் தொடங்கிய கிளாட் என்ற திட்டம், நோயைப் பற்றிய விளக்க வகுப்புகளையும் ஆறேழு வாரப் பயிற்சியையும் சேர்த்துத் தருகிறது. பின்னர் அது பல நாடுகளுக்குப் பரவியது. விளக்கத்தை அங்கே பயிற்சிக்கு முன்னால் வைத்திருப்பது எனக்கு மிகச் சரியாகப் படுகிறது. மூட்டு தேய்ந்துவிடும் என்ற பயம் போகாதவரை யாரும் மனமொப்பிப் பயிற்சி செய்யப்போவதில்லை.

பயிற்சி செய்யும்போது வலிக்கத்தான் செய்யும். அந்த வலி கெடுதலின் அடையாளம் அல்ல. தாங்கக்கூடிய அளவில் இருந்து, 24 மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அளவு சரி. அதைத் தாண்டினால் அடுத்த முறை கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம், நிறுத்த வேண்டியதில்லை. பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகலாம். சராசரியாகப் பார்த்தால் அந்தப் பலன் மிதமானதுதான், மாயாஜாலம் இல்லை. ஆனாலும் வலி மாத்திரை தருவதற்கு நிகரான பலன் அது, வயிற்றையும் சிறுநீரகத்தையும் தொடாமல் கிடைக்கிறது. நிறுத்தினால் போய்விடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வலி அதிகமுள்ள நாட்களில் கைத்தடி பெரிய துணை. பலர் வலிக்கும் கால் பக்கத்துக் கையிலேயே பிடிக்கிறார்கள். எதிர்ப்பக்கக் கையில் பிடித்தால்தான் பாரம் குறையும்.

எடை மிகுந்தவர்கள் அதில் பத்து சதவீதம் குறைத்தாலே வலியில் தெளிவான மாற்றம் தெரிகிறது. பயிற்சியும் சேர்ந்தால் இன்னும் கூடுதல். 2024-இல் வெளியான ஒரு சோதனையில், பருமனோடு முழங்கால் வலியும் இருந்த 407 பேர் கலந்துகொண்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு எடையைக் குறைக்கும் மருந்தான செமாக்ளூடைடு ஊசி வாரம் ஒருமுறை போடப்பட்டது. 68 வாரங்களில் எடை சராசரியாக 13.7 சதவீதம் குறைந்தது. வலி அளவும், மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களை விட நன்றாகவே இறங்கியிருந்தது. ஊசியை நிறுத்தினால் எடை திரும்பும் சிக்கல் இருக்கிறது. ஆனாலும் வலிநிவாரணி அல்லாத ஒரு மருந்து முழங்கால் வலியை இவ்வளவு குறைத்தது கவனிக்க வேண்டிய செய்தி.

வலிநிவாரணிகளில் முதலில் மேலே தடவும் ஜெல். டைக்ளோஃபெனாக் போன்றவை தோல் வழியே இறங்கி முழங்காலிலும் கைவிரல்களிலும் நன்றாக வேலை செய்யும். ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. இடுப்பு மூட்டு ஆழத்தில் இருப்பதால் அங்கே எட்டாது. அதே மருந்துகளை மாத்திரையாக விழுங்கும்போது வலி நன்றாகக் குறையும், ஆனால் வயிற்றுப்புண், ரத்தக்கசிவு, சிறுநீரகப் பாதிப்பு, மாரடைப்பு ஆகிய அபாயங்கள் கூடவே வரும். இந்த வகையில் வயிற்றுக்கு இதமானது என்று பெயரெடுத்த ரோஃபிகாக்ஸிப், மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டுகிறது என்று தெரியவந்து 2004-இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. மருந்துக் கடையில் தானாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் பழக்கத்தை அதனால்தான் கடுமையாக எதிர்க்க வேண்டியிருக்கிறது, அதிலும் வயதானவர்களும் ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் செய்யும்போது. பாராசிட்டமால் இந்த வலிக்குப் பெரிதாக உதவுவதில்லை. ஓபியாய்டு என்ற அபின் வகை வலி மாத்திரைகள் தரும் தீங்கு பலனை மிஞ்சிவிடுகிறது.

அடுத்து ஊசிகள். மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு நல்ல நிம்மதி தரும். ஒரு முக்கியமான பயணம், வலியால் தொடங்கவே முடியாத பயிற்சி போன்ற நேரங்களில் அதற்கு இடமுண்டு. ஆனால் இரண்டு ஆண்டுகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டுப் பார்த்த ஒரு சோதனையின் முடிவு 2017-இல் வந்தபோது, உப்புநீர் ஊசி போட்டவர்களை விட வலியில் மேம்பாடு இல்லை, குருத்தெலும்பு இழப்பு மட்டும் கூடுதலாக இருந்தது. நோயாளியின் ரத்தத்திலிருந்தே பிளேட்லெட் மிகுந்த பகுதியைப் பிரித்தெடுத்துப் போடும் பிஆர்பி ஊசி இப்போது பெரிய அளவில் விற்கப்படுகிறது. 288 பேரை வைத்து 2021-இல் வெளியான கவனமான சோதனை ஒன்றில், ஓராண்டுக்குப் பின் வலியிலும் குருத்தெலும்பிலும் உப்புநீருக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. ஸ்டெம் செல் ஊசி குருத்தெலும்பை வளர்க்கும் என்று உறுதி சொல்பவர்களிடம் அதற்கான நம்பகமான சான்று இல்லை. குருத்தெலும்புக்கு நல்லது என்று விற்கப்படும் குளுக்கோசமைன், காண்ட்ராய்ட்டின் மாத்திரைகளையும் 1,583 பேரிடம் சோதித்த முடிவு 2006-இல் வந்தது. மொத்தத்தில் வெற்று மாத்திரையை அவை மிஞ்சவில்லை. வலியோடு வரும் மனிதர்களின் நம்பிக்கையும் சேமிப்பும் இவற்றில் கரைவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

வெற்று ஊசிக்கும் வலி குறைகிறதே என்று கேட்கலாம். குறையத்தான் செய்கிறது. இந்நோயில் வலி ஏறி இறங்கும் இயல்புடையது. உச்சத்தில் இருக்கும்போதுதான் சிகிச்சைக்கு வருகிறோம். எது செய்தாலும் செய்யாவிட்டாலும் அடுத்து கொஞ்சம் இறங்கும். நம்பிக்கையும் தன் பங்குக்கு வலியைக் குறைக்கும். இதை அழுத்தமாகக் காட்டியது 2002-இல் வெளியான ஓர் அமெரிக்கச் சோதனை. முழங்காலில் துளையிட்டு உள்ளே கழுவிச் சுத்தம் செய்யும் ஆர்த்ராஸ்கோப்பி அன்று மிகப் பரவலாக இருந்த சிகிச்சை. 180 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குத் தோலில் மட்டும் கீறித் தைத்துவிட்டு, மற்றவர்களுக்கு உண்மையான சிகிச்சையைச் செய்தார்கள். யாருக்கு எது நடந்தது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. இரண்டு ஆண்டுகள் கழித்தும் இரு தரப்புக்கும் வலியில் வித்தியாசம் இல்லை. இன்று மூட்டுத் தேய்மானத்துக்காக இந்தச் சிகிச்சையைச் செய்ய வேண்டாம் என்றே வழிகாட்டிகள் சொல்கின்றன.

பயிற்சி, எடைக் குறைப்பு, மருந்து எல்லாவற்றையும் உண்மையாகச் செய்துபார்த்தும் இரவில் வலி தூங்கவிடவில்லை, சில அடிகள்கூட நடக்க முடியவில்லை என்றால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. இது நவீன மருத்துவத்தின் அருமையான சாதனைகளில் ஒன்று. ஜான் சார்ன்லி என்ற ஆங்கிலேய மருத்துவர் முதலில் இடுப்புக் குழிக்குள் டெஃப்லான் என்ற பிளாஸ்டிக் கிண்ணம் வைத்துச் செய்த செயற்கை இடுப்புகள் சில ஆண்டுகளிலேயே கெட்டுப்போயின. அவர் சோர்ந்துவிடாமல் 1962-இல் பாலிஎத்திலீன் என்ற வேறொரு பிளாஸ்டிக்கால் ஆன கிண்ணத்துக்கு மாறினார். இன்றைய செயற்கை இடுப்புகளுக்கு வழிவகுத்தது அந்த மாற்றம்தான். முழங்கால் மாற்று அதற்குச் சில ஆண்டுகள் கழித்து வந்தது. செயற்கை முழங்கால்களில் சுமார் 82 சதவீதம் 25 ஆண்டுகள் தாக்குப்பிடிக்கின்றன என்று 2019-இல் வெளியான பெரிய ஆய்வு மதிப்பிட்டது. அதனால் 70 வயதில் மாற்றிக்கொள்பவருக்குப் பெரும்பாலும் அதுவே ஆயுளுக்குப் போதும். 50 வயதில் மாற்றிக்கொண்டால் மறுபடி ஒருமுறை மேசையில் படுக்க நேரலாம். இரண்டாவது முறை முதல் முறையைவிடச் சிக்கலானது. பத்தில் ஒருவரோ இருவரோ முழங்காலை மாற்றியபின்னும் வலி தீரவில்லை என்று வருந்துகிறார்கள் என்பதையும் முன்கூட்டியே சொல்வதுதான் நியாயம். இளவயதில் ஒரு பக்கம் மட்டும் கெட்டிருந்தால் எலும்பை வெட்டிக் காலை நேராக்குவதோ, அந்தப் பாதியை மட்டும் மாற்றுவதோ போதுமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

நூறு பேரைச் சேர்த்து நடந்த ஒரு டேனிஷ் சோதனையின் முடிவு 2015-இல் வந்தது. அனைவருமே முழங்கால் மாற்றுக்குத் தகுதியானவர்கள். பாதிப் பேருக்கு அறுவை சிகிச்சையோடு பயிற்சி. மீதிப் பேருக்குப் பயிற்சி, உணவு ஆலோசனை, மருந்து மட்டும். ஓராண்டில் அறுவை சிகிச்சை பெற்றவர்களுக்குத்தான் வலி மிக அதிகமாகக் குறைந்தது. கடுமையான பக்கவிளைவுகளும் அவர்களுக்கே அதிகம். ஆனால் கத்தி படாதவர்களும் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். அவர்களில் 26 சதவீதம் பேர் மட்டுமே அந்த ஓராண்டுக்குள் அறுவை சிகிச்சைக்கு மாறினார்கள்.

முழங்காலை மாற்றிய அன்றோ மறுநாளோ பிசியோதெரபிஸ்ட் வந்து நோயாளியைக் கட்டிலிலிருந்து எழுப்பி நிற்கவைப்பார். வலிக்கும், பயமாக இருக்கும். அப்போது அவர் முதலில் சொல்லித்தருவது, தொடையின் முன்தசையை இறுக்கி, காலை நீட்டி, மெதுவாகத் தூக்கும் அதே பயிற்சி.